67 ஆசியா: மெட்ராஸில் பெயர் கிடைத்த ஒரு கல்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுத்திக்கொண்டு இருக்கு. அதைத்தான் சிறுகோள் பட்டை என்று ஸ்கூலில் படித்தோம். அந்தப் பட்டையின் உள்பக்கத்தில், சூரியனுக்குக் கிட்டவான ஓரத்தில், 67 என்ற இலக்கத்தோடு ஒரு கல் இருக்கு. குறுக்களவு ஏறக்குறைய 58 கிலோமீற்றர், அதாவது கொழும்பிலிருந்து பேருவளைக்குப் போற தூரம். சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீற்றர் தள்ளி ஓடுது. ஒரு சுற்று முடிக்க மூன்றே முக்கால் வருஷம் எடுக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இப்படி ஒரு கல்லைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். அதன் பெயரில்தான் விஷயம் இருக்கு. அதன் பெயர் ஆசியா.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, மெட்ராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வுகூடத்தில், நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் இதுதான். அதனால்தான் அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்று ஒரு பெண் தெய்வமும் இருக்கிறாள். சிறுகோள்களுக்குப் புராணப் பெண்களின் பெயரை வைக்கிற அந்தக் காலத்து வழக்கத்துக்கும் அது பொருந்திப் போச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒரு ஐரோப்பியர், கிரேக்கப் பெயர் ஒன்றை, எங்கட கண்டத்தின் பெயரில், மெட்ராஸில் நின்று ஒரு கல்லுக்கு வைக்கிறார். இந்த ஒரு வசனத்துக்குள் 19ஆம் நூற்றாண்டு முழுக்க அடங்கியிருக்கு. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கல்லைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

முதல் சிறுகோளான சீரிஸை இத்தாலியரான பியாற்சி 1801ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி கண்டார். அடுத்த ஏழு வருஷத்துக்குள் இன்னும் மூன்று கிடைத்தன. பிறகு நீண்ட மௌனம். ஐந்தாவது 1845இல்தான் வந்தது. அதுக்குப் பிறகு ஐரோப்பாவில் இது ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. 66ஆவது கல்லை அமெரிக்காவில் 1861 ஏப்ரல் 9ஆம் திகதி கண்டுபிடித்தார்கள். எட்டு நாளில் மெட்ராஸிலிருந்து 67ஆவது.

இன்றைக்கு கெமராவும் கம்பியூட்டரும் செய்ற வேலையை அப்போது மனிதக் கண்தான் செய்தது. வானத்தின் ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதில் இருக்கிற நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் குறித்து வைக்க வேண்டும். பிறகு அந்தப் புள்ளி இடம் மாறியிருக்கா என்று பார்க்க வேண்டும். நட்சத்திரம் நகராது, சிறுகோள் நகரும். இவ்வளவுதான் முறை. பொறுமை, நல்ல கண், நம்பக்கூடிய வரைபடம் மூன்றும் வேண்டும். மழைக்காலம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பொக்சனுக்கு அந்தக் கண் இருந்தது. மெட்ராஸுக்கு வருவதற்கு முதலே இங்கிலாந்தில் மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் 1856இல் செய்திருந்தார். நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரகாசத்தின்படி பிரிக்கிற வழக்கம் பழைய கிரேக்கர் காலத்திலிருந்தே இருந்தது. ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு திட்டமான கணக்கு இல்லை. ஐந்து தரம் இறங்கினால் பிரகாசம் சரியாக 100 மடங்கு குறையும் என்று வைப்போம், அப்படியென்றால் ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு என்றார் பொக்சன். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த அளவுதான். உங்கட போனில் வானத்தைக் காட்டுற எப் ஒன்று இருந்தால், அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் இருக்கிற எண் அவருடைய கணக்குத்தான்.

1861 பெப்ரவரியில் மெட்ராஸுக்கு வந்து இறங்கினார். இரண்டு மாதத்துக்குள் ஆசியா. பிறகு 1864இல் சபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா. மெட்ராஸில் மட்டும் ஐந்து. இதில் சில்வியாவுக்கு இரண்டு நிலவு இருக்கு என்று 2005இல் தெரிய வந்தது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலவு இருக்கிறதாகத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. நுங்கம்பாக்கத்தில் ஒரு மனிதர் வெறும் புள்ளியாகக் கண்டது, 139 வருஷத்துக்குப் பிறகு ஒரு குடும்பமாகத் தெரிந்தது.

ஒரு தூணும் ஒரு பெருமையும்

மெட்ராஸ் ஆய்வுகூடத்தின் கதை பொக்சனுக்கு முதலே தொடங்குது. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பனி அதிகாரி எழும்பூரில் தன்னுடைய சொந்தக் கருவிகளோடு தொடங்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பனி அதைப் பொறுப்பெடுத்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழும்பியது. கம்பனி இதைச் சும்மா அறிவுத் தாகத்தில் கட்டவில்லை. கப்பல் ஓட்டுறதுக்கும் நிலத்தை அளக்கிறதுக்கும் நேரமும் தீர்க்கரேகையும் வேண்டும். இரண்டையும் தாறது வானம்தான். பிறகு ரயில் வந்தபோது, இந்திய ரயில்கள் பல வருஷம் ஓடினதும் இந்த ஆய்வுகூடம் சொன்ன மெட்ராஸ் நேரத்தில்தான்.

அந்தக் கட்டடத்தில் கருவியைத் தாங்குறதுக்கு ஒரு பெரிய கருங்கல் தூண் நட்டார்கள். அது இன்றைக்கும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளவுக்குள் நிற்கிறது. அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கு. இந்தக் கல்வெட்டின் நோக்கம் என்னவென்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசியாவில் கணித விஞ்ஞானம் பிரித்தானியரின் தாராள மனசால் முதன்முதலில் எப்போது நடப்பட்டது என்று ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு வாற சந்ததிக்கும் தெரிய வேண்டுமாம்.

முதன்முதலில். ஆசியாவில். இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூற்றுக்குச் சரியான பதில் அதே ஆய்வுகூடத்துக்குள்ளேயிருந்துதான் வந்தது. 1805 தொடக்கம் 1811 வரைக்கும் அங்கே பொறுப்பாக இருந்தவர் ஜோன் வொரன். பிரெஞ்சுப் பின்னணி உள்ளவர். 1825இல் அவர் வெளியிட்ட காலசங்கலித என்ற நூலில் ஒரு சம்பவம் வருது. புதுச்சேரியில் சாமிநாதன் என்ற பெயருடைய ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்து, 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் வரப்போற சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொல்கிறார். அந்த மனிதர் பேனையும் எடுக்கவில்லை, தாளும் எடுக்கவில்லை. நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சோழிகளை நகர்த்தி நகர்த்தி விடையைச் சொன்னார். கிரகணத் தொடக்கத்தில் பிழை வெறும் 4 நிமிஷம். நடுப்பகுதியில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம்.

அதைக் கேட்டு நாங்கள் காலரைத் தூக்கிவிடலாம். ஆனா கொஞ்சம் பொறுங்கள். வாக்கியம் என்றால் என்ன? சூரியனும் சந்திரனும் குறிப்பிட்ட நாளில் எங்கே இருக்கும் என்ற எண்களை எழுத்துகளாக மாற்றி, அந்த எழுத்துகளைச் சொற்றொடராக்கி, பாடமாக்கி வைத்திருப்பது. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கணக்கு கைவந்திருந்தது. அதுக்குப் பின்னால் இருக்கிற கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்றுதான் வொரன் எழுதினார். 1952இல் ஒட்டோ நொய்கபவர் என்ற பெரிய கணித வரலாற்றாசிரியர், தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி இந்தச் சம்பவத்தை ஆராய்ந்தார். பபிலோனியாவில் தொடங்கி கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்த கணக்கு முறைகளின் தடம் அந்தச் சோழிகளில் இருக்கு என்று காட்டினார். அதாவது இது ஆங்கிலேயர் நட்ட செடியும் இல்லை, வானத்திலிருந்து தமிழனுக்கு மட்டும் விழுந்த விதையும் இல்லை. பல கை மாறி வந்து, ஒரு புதுச்சேரிக்காரரின் ஞாபகத்தில் உயிரோடு இருந்த அறிவு. தூணின் பெருமையும் பொய், எங்கட சில மேடைப் பேச்சாளர்களின் பெருமையும் பொய்.

ரகுநாதாச்சாரி எங்கே?

இப்போது ஆசியா கண்டுபிடிக்கப்பட்ட அந்த ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வருவோம். பொக்சன் வந்து இறங்கினபோது அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பிறகு முதலாம் உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ரெற்றிக்யூலம் என்ற தென்வான நட்சத்திரக் கூட்டத்தில் பிரகாசம் ஏறி இறங்குகிற ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1868 ஓகஸ்ட் 18ஆம் திகதி வந்த பெரிய சூரிய கிரகணத்தை பொக்சன் மசூலிப்பட்டணத்திலும், ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலும் நின்று அவதானித்தார்கள். 1872இல் லண்டன் ரோயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியர் அவர்தான்.

இந்த இடத்தில் இணையத்தில் உலாவுற ஒரு வகைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். "உண்மையில் கண்டுபிடித்தது நம்மாள், வெள்ளைக்காரன் பெயரை எடுத்துக்கொண்டான்" என்று எதுக்கெடுத்தாலும் சொல்ற பழக்கம் ஒன்று எங்களுக்கு இருக்கு. ஆசியா விஷயத்தில் அது சரிவராது. கண்டுபிடித்தது பொக்சன்தான். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்கிறதுக்கு நட்சத்திரங்களின் சரியான இடம் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னேன். அந்த இடங்களை வருஷக்கணக்காக, இரவு இரவாக அளந்து எழுதினது யார்? மெட்ராஸ் உதவியாளர்கள். பொக்சனுக்கு முதல் 1844இல் வெளியான மெட்ராஸ் நட்சத்திரப் பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள் இருக்கு. பட்டியலில் பெயர் போனது பொறுப்பதிகாரி ரெய்லருக்கு. கருவிக்குப் பக்கத்தில் நித்திரை முழித்த உள்ளூர் ஆக்களில் பலருடைய பெயர் எங்கட ஞாபகத்தில் இல்லை. அநீதி என்றால் அதுதான். திருட்டுக் கதை தேவையில்லை, மறதிக் கதையே போதும்.

ரகுநாதாச்சாரி செய்த இன்னொரு வேலை எங்கட வீட்டுக்குள்ளேயே வந்து நிற்குது. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அதைச் சாதாரண ஆக்களுக்கு விளக்கிச் சின்ன நூல் ஒன்று எழுதினார். ஆங்கிலத்தில் மட்டுமில்லை, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அதோடு, பழைய வாக்கியக் கணக்கில் காலப்போக்கில் சேர்ந்துபோன பிழைகளைத் திருத்தி, வானத்தில் கண்ணால் பார்க்கிறதோடு ஒத்துப்போற கணக்கில் த்ருக்கணித பஞ்சாங்கம் போட்டார்.

இப்போது விளங்குதா? ஒவ்வொரு சித்திரைக்கும் பேப்பரில் இரண்டு நேரம் போடுவார்கள். வாக்கிய பஞ்சாங்கத்தின்படி ஒரு நேரம், திருக்கணித பஞ்சாங்கத்தின்படி இன்னொரு நேரம். மருத்துநீர் எப்போ வைக்கிறது என்று வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். கடைசியில் அம்மம்மா சொல்றதுதான் முடிவு. வாக்கியம் என்பது அந்தப் புதுச்சேரிச் சோழிக்காரரின் வழி. திருக்கணிதம் என்பது நுங்கம்பாக்கத்து ரகுநாதாச்சாரி நின்ற பக்கம். எங்கட குசினியில் நடக்கிற அந்த வாக்குவாதத்துக்கு 150 வருஷ வயது.

அவர் 1880இல் காலமானார். இந்தியர்கள் பயிற்சி எடுக்க ஒரு நவீன ஆய்வுகூடம் வேண்டும் என்ற அவருடைய ஆசை அவர் உயிரோடு இருக்கும்போது நிறைவேறவில்லை.

மகளின் பெயர்

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் விட முடியாது. பொக்சன் இங்கிலாந்தில் கண்டுபிடித்த முதல் சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர். அவருடைய மகளின் பெயரும் எலிசபெத் ஐசிஸ் பொக்சன். அந்த மகள் 1873 தொடக்கம் மெட்ராஸ் ஆய்வுகூடத்தில் உதவியாளராக 25 வருஷம் வேலை செய்தார். கணக்கு, அவதானிப்பு, வானிலைப் பதிவு எல்லாம். 1886இல் அப்பா அவரை ரோயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனப்படி பெண்கள் உறுப்பினராக முடியாது என்று சட்டத்தரணிகள் சொன்னதால் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 1920இல், கல்யாணம் முடித்து ஐசிஸ் கென்ற் என்ற பெயரோடு வயதான பிறகுதான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது.

வானத்தில் இருக்கிற கல்லெல்லாம் பெண் பெயர். ஐசிஸ், ஆசியா, சபோ, சில்வியா, கமில்லா, வேரா. ஆனால் அந்தக் கற்களைப் பார்க்கிற பெண்ணுக்குச் சங்கத்தில் கதிரை இல்லை. கண்டத்துக்கும் இதே கதிதான். வானத்தில் ஆசியா என்று ஒரு கல் இருக்கு, ஆசியக்காரர் உதவியாளர் பட்டியலில் இருக்கிறார்.

அதே வருஷம், இந்தப் பக்கம்

1861இல் இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது? கோப்பித் தோட்டங்களின் உச்சக் காலம். மெட்ராஸ் மாகாணத்தின் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆக்கள் கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து போனார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். ஒரே மெட்ராஸ் அரசாங்கம். ஒரு பக்கத்தில் 36 கோடி கிலோமீற்றர் தள்ளியிருக்கிற கல்லுக்கு இலக்கமும் பெயரும் பாதையும் கவனமாக எழுதுறார்கள். அதே அரசாங்கத்தின் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, பாதை ஓரத்தில் விழுந்த மனிதருக்குப் பெயர் எழுத ஆள் இல்லை. பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வாறவர்களுக்கு இலக்கம் அடித்த தகரத் துண்டு கொடுத்தார்கள். கல்லுக்கு இலக்கமும் பெயரும். மனிதருக்கு இலக்கம் மட்டும்.

இது வானியலாளரின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. பொக்சன் மெட்ராஸிலேயே 30 வருஷம் இருந்து, 1891இல் அங்கேயே செத்துப்போன ஒரு வேலைக்காரர். ஆனால் எதைக் கவனமாக எண்ணுறது, எதை எண்ணாமல் விடுறது என்ற முடிவு எப்பவும் அதிகாரத்தின் முடிவு. வரலாறு படிக்கிற எங்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை என்று இந்தப் பக்கத்தில் வாழ்ற பல குடும்பங்களுக்கு, பூட்டன் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்று கேட்டால் பதில் இல்லை. 67 ஆசியா எங்கே இருந்தது, நாளைக்கு எங்கே இருக்கும் என்பதை நிமிஷக் கணக்கில் சொல்லலாம்.

கல் தொடர்ந்து ஓடுது

பொக்சனுக்குப் பிறகு மெட்ராஸின் வானியல் வேலை 1899 தொடக்கம் கொடைக்கானலுக்குப் போனது. நுங்கம்பாக்கம் வானிலை அலுவலகமானது. எங்கட கதையும் அப்படித்தான். 1907இல் கொழும்பில் தொடங்கின ஒப்சர்வேட்டரி இருந்த பௌத்தாலோக மாவத்தையில் இன்றைக்கு வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கு. இரண்டு இடத்திலும் ஆக்கள் இப்போது கேட்கிறது மழை வருமா என்றுதான்.

1885இல் வேரா. அதுக்குப் பிறகு 103 வருஷம் இந்திய மண்ணிலிருந்து புதுச் சிறுகோள் ஒன்றும் இல்லை. 1988 பெப்ரவரியில், தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் ஆய்வுகூடத்தில் (எங்கட தீவகத்துக் காவலூர் இல்லை) ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இலக்கம் 4130. பெயர் ராமானுஜன். இந்தத் தடவை கண்டவரும் உள்ளூர், பெயரும் உள்ளூர். இடையில் எத்தனை உதவியாளர்களின் இரவுகள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆசியா ஒரு எஸ் வகைச் சிறுகோள். சிலிக்கேற்றும் உலோகமும் கலந்த கல்வகை. அந்த வகைக் கல் உண்மையில் எதால் ஆனது என்று நீண்ட காலம் தொலைவிலிருந்து ஊகிக்கத்தான் முடிந்தது. 2005இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இதோகவா என்ற எஸ் வகைச் சிறுகோளில் இறங்கி, 2010இல் அதன் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தது. பூமியில் அடிக்கடி விழுகிற சாதாரண விண்கற்களின் தாய்வீடு இந்த வகைக் கற்கள்தான் என்று அந்தத் தூசி உறுதியாக்கியது. ஒரு சிறுகோளைத் தொட்டு அதன் துகளைக் கொண்டுவந்த முதல் நாடு ஆசியாவில் இருக்கு. தூணில் எழுதினவர்கள் ஆயிரம் வருஷம் தவணை கேட்டார்கள். 218 வருஷமே போதுமாக இருந்தது.

சென்னையும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கு. நுங்கம்பாக்கத்தில் உச்சிக்கு வாற நட்சத்திரம் ஒன்றரை நிமிஷம் கழித்து மட்டக்குளியில் உச்சிக்கு வரும். பொக்சனும் ரகுநாதாச்சாரியும் ஐசிஸும் பார்த்த வானம் கிட்டத்தட்ட எங்கட வானம்தான். துறைமுக வெளிச்சத்தில் காக்கைதீவுக் கடற்கரையிலிருந்து இப்போது பெரிசா ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கல் மேலேதான் இருக்கு. 1861க்குப் பிறகு 40 தடவைக்கு மேல் சூரியனைச் சுத்தி வந்துவிட்டது. தனக்கு ஆசியா என்று பெயர் வைத்தது அதுக்குத் தெரியாது. அந்தப் பெயருக்குப் பின்னால் நித்திரை முழித்தவர்கள் யார் என்று தேடுறது எங்கட வேலை.